ஏலத்தில் எடுத்த சான்றிதழ்

நொச்சிக்குப்பம்,
4 மார்ச் 2025

என் தங்கச்சி பெற்ற தங்கமே, கயலு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதை இந்தப் பூமியில் ஒருத்தரும் நம்பப்போவதில்லை என்று கடலம்மா சாட்சியாக உறுதி கூறித் தொடங்குகிறேன். யாராவது நம்பிவிட்டால் ஐம்பத்தாறு வருடமாக நான் சேர்த்து வைத்த பெயர் போய்விடும்.

என் நம்பரை நீ போனில் அடைத்து வைத்துப் பதினோரு மாதம். பேச மாட்டேன் என்றுதான் சொன்னாய். படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் காகிதம், முத்துமாரி உங்கள் பெரும்பாக்கம் பிளாக்குக்குக் கொண்டுவரும் மீன் கூடையில், சங்கராவுக்கும் ஐஸுக்கும் நடுவே பிரயாணம் செய்து வருகிறது. நாற்றத்தைப் பொறுத்துக்கொள். அது உன் தாய்மாமன் வாசனை.

உன் அம்மா முனியம்மாள் வந்திருந்தாள். சீட்டுப் பணத்தை எடுத்துவிட்டாளாம். நந்தனத்தில் கண்ணாடி ஆபீஸ் வைத்திருக்கிற 'விண்முனை அகாடமி'யில், வீட்டிலிருந்தே போனில் படிக்கிற புரோகிராமிங் கோர்ஸுக்கு நீ கட்டப்போகிறாயாம். பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் பாதி விலையாம். அடியே, நான் ஏலக்காரன். 'இன்னிக்கி மட்டுந்தான், நாளைக்கி கெடைக்காது' என்று நான் தொண்டை கிழியக் கூவுகிற நாளில் என் பெட்டியில் எந்த ஊர் ஐஸில் எத்தனை நாள் கிடந்த மீன் இருக்கும் என்று உனக்குத் தெரியாதா?

மீனென்றால் செவுளைத் தூக்கிப் பார்த்துவிடுவேன். கோர்ஸுக்குச் செவுள் எங்கே இருக்கிறது? கண்டுபிடிக்க நானே சேர்ந்தேன்! ஏழு நாள் இலவசம். பெயர் கோதண்டபாணி, வயது ஐம்பத்தாறு, போட்டோ கேட்டார்கள், கையில் வஞ்சிரத்தோடு ஒன்று கொடுத்தேன். ஏழாம் நாள் தேர்வு. முப்பது கேள்வி, எல்லாம் இங்கிலீஷ், ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி, டி என்று நாலு விடை. எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். நாலு விடையையும் ஏலம் விட்டேன்.

நானூறு பேர் கூடிவிட்டார்கள். கட்டுமரங்கள் கரைக்குத் திரும்பின. கப்பல் ஒன்று நடுக்கடலில் நங்கூரம் போட்டுக் காது கொடுத்தது.

"பி-யப் பாரு, பி-யப் பாரு! செவுளு செவசெவன்னு கீது! யாருக்கு வேணும்?"

"பி எனுக்கு நைனா!" இது முத்துமாரி.

"ஏ, சும்மா கெட. போன தபா பி-ன்னு தான சொன்ன, இன்னா ஆச்சு? சி எட்றா!" இது வலை பின்னுகிற ரங்கன்.

"சி ஒரு தரம், சி ரெண்டு தரம்..."

இப்படி எடுத்ததுதான் பரீட்சை. தொண்ணூற்றேழு சதவீதம் கயலு! உன் மாமன் இப்போது சான்றிதழ் பெற்ற புரோகிராமர். ஊர்வலத்துக்கு யானை சொல்லியிருக்கிறேன்.

கட்டாதே என்பது என் விண்ணப்பம்.

கடலளவு அன்புடன்,
உன் மாமன்,
புரோகிராமர் கோதண்டபாணி


பெரும்பாக்கம்,
6 மார்ச் 2025

மாமா,

உன் கடிதம் வந்தது. அம்மா சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லி, கப்பல் வந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருடம் எனக்கு முதல் முதலாக ஒரு கம்பெனி இன்டர்வியூ வைத்தது. என்னைப் பற்றி விசாரிக்க உன் நம்பரைக் கொடுத்தேன். "எப்படிப்பட்ட பெண்?" என்று கேட்டவர்களிடம் நீ என்ன சொன்னாய்? நான் அம்மா வயிற்றில் இருக்கும்போதே கம்ப்யூட்டர் தட்டினேன் என்றும், டெல்லியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் போகவில்லை என்றும் சொன்னாய். அவர்கள் அதன் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. உனக்கு அது விளையாட்டு. நான் இன்னும் தி.நகர் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டு நிற்கிறேன். உட்கார ஸ்டூல் கிடையாது மாமா. ராத்திரி வீடு வந்து காலை வெந்நீரில் வைக்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான் வருகிறது.

இப்போது கேள். வீடியோ இலவசமாகவே எங்கும் கிடைக்கிறது, எனக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் கடையில் எந்தச் சேலை எந்த மாடியில் எத்தனை இருக்கிறது என்று காட்டுகிற ஒரு சின்ன இணையப் பக்கம் செய்தேன். ஆனால் விண்ணப்பத்தில் என் காலேஜ் பெயரைப் பார்க்கிறார்கள், பெரும்பாக்கம் குடிசை மாற்று பிளாக் என்ற முகவரியைப் பார்க்கிறார்கள், ஓரமாக வைத்துவிடுகிறார்கள். என் பக்கம் பேச ஒரு காகிதமாவது வேண்டாமா? அதற்குத்தான் இந்தக் கோர்ஸ்.

நீ சொன்னதில் எது உண்மை, எது புளுகு என்று பிரிக்க எனக்கு நேரமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். புளுகுவதென்று ஆகிவிட்டது, நூறு என்று புளுகியிருக்கலாமே? அது என்ன தொண்ணூற்றேழு?

வெள்ளிக்கிழமை கட்டுகிறேன்.

கயல்


நொச்சிக்குப்பம்,
8 மார்ச் 2025

கோபக்காரி கயலுக்கு,

சங்கரா நன்றாக இருந்ததா என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே! சரி, போகட்டும்.

அந்த இன்டர்வியூ விஷயம். அவர்கள் கேட்டதும் என் வாய் தானாக ஏலம் போட ஆரம்பித்துவிட்டது. நல்ல சரக்கை ஏற்றிச் சொன்னால்தான் விலை போகும் என்று பழகின வாய். நீ சரக்கு இல்லை என்பது அவர்கள் போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

சான்றிதழ் இருந்தால் அனுப்பியிருப்பேன். மயிலாப்பூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அப்துல் கஃபார் பாயிடம் போய்க் கலரில் அச்சடித்தேன். பாய் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "கோதண்டம், இது இன்னாது? நீயா? எதுல பாஸு?" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தவர் அரை மணி நேரம் எழவில்லை. தண்ணீர் தெளித்து எழுப்பினோம். ஏழு தெரு ஜனம் வேடிக்கை பார்த்தது. அந்தக் காகிதத்தில் முத்துமாரி அன்றைக்கே நெத்திலி மடித்துக் கொடுத்துவிட்டாள். வாங்கிப்போனது அடையாறில் ஒரு மந்திரி வீட்டுப் பூனை.

பூனையை நம்பாதே, பரவாயில்லை. ஆனால் இதைக் கொஞ்சம் யோசி. தப்பான விடையை அழுத்தினால் அந்தப் பரீட்சை 'மறுபடி முயலுங்கள்' என்கிறது. மறுபடி தப்பா? மறுபடி முயலுங்கள். நாலு விடையில் நாலாவது தடவை யாருக்குத்தான் சரியாக வராது? எங்கள் ஐஸ் பெட்டி எழுதினாலும் பாஸ்.

கட்டாதே கயலு.

இப்படிக்கு,
யானைக்கு வாடகை சொல்லிவிட்டுக் காத்திருக்கும்
மாமன்


பெரும்பாக்கம்,
14 மார்ச் 2025

மாமா,

அவசர அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

இன்று காலை கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பணத்தை எடுத்துக்கொண்டு நந்தனம் போகப் பஸ் ஏறினேன். சோழிங்கநல்லூர் தாண்டியதும் போனைத் திறந்தேன். விண்முனை விளம்பரம். அதில் உன் முகம்!

கையில் வஞ்சிரத்தோடு நிற்கிறாய். மேலே பெரிதாக எழுதியிருக்கிறது: "நேற்று மீனவர், இன்று மென்பொருள் பொறியாளர்! எங்கள் மாணவர் திரு. கோதண்டபாணி, 97 சதவீதம்." கீழே நீ சொன்னதாக ஒரு பேச்சு: "விண்முனை என் வாழ்க்கையையே மாற்றியது. இன்று பெங்களூரில் சொந்த வீடு."

சத்தம் போட்டு "ஐயோ!" என்றுவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு வயசான அம்மா, "இன்னாம்மா, யாரனா போய்ட்டாங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். என்ன சொல்வது? எங்க மாமா சொன்னது உண்மையாப் போச்சு என்றா?

அடையாறில் இறங்கிப் பட்டினப்பாக்கம் பஸ் பிடித்தேன். உங்கள் குப்பத்து மீன் ஏல ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், வண்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு விண்முனை நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். குரல் தேன்.

"உங்க விளம்பரத்துல இருக்கிற கோதண்டபாணி சாரோட பேச முடியுமா மேடம்?"

"ஓ, சாரா? சார் இப்ப பெங்களூர் ஆபீஸ்ல டீம் லீடரா இருக்காரு. முக்கியமான மீட்டிங்ல இருக்காரு மேம்."

அந்த நேரம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கானாங்கெளுத்தி ரெண்டு தரம்! தே முத்துமாரி, வாயத் தொறக்கிறியா, கூடயத் தூக்கிக்கினு போறியா?" என்று நீ அலறிக்கொண்டிருந்தாய்.

"பின்னாடி ஒரே சத்தமா இருக்கே, எங்க இருக்கீங்க மேம்?" என்றாள்.

"மீட்டிங்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பொய் என்றால் நீதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன் கப்பலையும் யானையையும் கேட்டு யாரும் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடியதில்லை. இவர்கள் சொன்னதைக் கேட்டு நான் ஓடினேன்.

கட்டவில்லை. அம்மா கையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் செய்த சேலைப் பக்கத்தையே விண்ணப்பத்தில் முதலில் வைக்கப் போகிறேன். காலேஜ் பெயர் கடைசியில். பிடிக்கிறவர்கள் கூப்பிடட்டும். கூப்பிடாவிட்டால் இன்னொன்று செய்கிறேன்.

ரோட்டைத் தாண்டி வந்திருக்கலாம். கால் வரவில்லை. நீ எனக்கு உண்மையைத்தான் சொன்னாய். நான் நம்ப முடியாதபடி சொன்னாய். இன்று அந்த விளம்பரம் கண்ணில் படாமல் இருந்திருந்தால்? அதை நினைத்தால்தான் கோபம் வருகிறது. எனக்கு ஒரே ஒரு கடிதம் புளுகு இல்லாமல் எழுது. உன்னால் முடிந்தால் நம்பரைத் திறக்கிறேன்.

கயல்


நொச்சிக்குப்பம்,
16 மார்ச் 2025

அன்புள்ள கயலுக்கு,

நாலு காகிதம் கிழித்தாயிற்று. புளுகு இல்லாமல் எழுத உட்கார்ந்தால் இரண்டு வரியில் விஷயம் தீர்ந்துவிடுகிறது.

நீ எதிர்ப்பக்கம் நின்றாய் என்று உன் கடிதத்தில் படித்தபோது கையில் இருந்த டீ கீழே கொட்டிவிட்டது. ஒரு ரோடு அகலம். திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருப்பாய். கானாங்கெளுத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பாவி.

அந்த விளம்பரத்தை ரங்கன் பையன் போனில் காட்டினான். ஊரே சிரித்தது. என் மூஞ்சியைக் காட்டி எத்தனை பிள்ளைகளிடம் பணம் வாங்கினார்களோ! அந்தப் போட்டோவை விளம்பரத்திலிருந்து நீக்கச் சொல்லி, கஃபார் பாயை வைத்து எழுதி அனுப்பியிருக்கிறேன். கேட்காவிட்டால் இரண்டு பேருமாக நந்தனம் போவோம். என் கையில் வஞ்சிரம் இருக்கும்.

இனி கணக்குத் தீர்க்கிறேன். நானூறு பேர் புளுகு. முத்துமாரி, ரங்கன், நான், மூன்றே பேர். கப்பல் புளுகு. யானை புளுகு. கஃபார் பாய் உட்காரவே இல்லை, பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார். பூனை உண்டு, மந்திரி வீட்டுப் பூனை இல்லை, நம் தெருப் பூனை.

ஏலமும் பாதிப் புளுகுதான். இருபத்தொன்பது கேள்வியை ஏலத்தில் எடுத்தோம். முப்பதாவதை நான் ஏலம் விடவில்லை. அவர்கள் பார்க்காதபடி போனை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். அந்தக் கேள்வி வந்த பாடத்தை மட்டும் ஏழு நாளும் உட்கார்ந்து பார்த்திருந்தேன். நீ ஆசைப்படுகிறது என்னவென்று தெரியாமல் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. ஒரே வேலையை முடிகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது எப்படி என்று வீடியோவில் பாடம் எடுத்த ஆள் தமிழில் சொன்னான். புரிந்த மாதிரி இருந்தது. யாரையும் கேட்காமல் நானே ஒரு விடையை அழுத்தினேன்.

தப்பு என்று வந்தது. மறுபடி முயலுங்கள் என்றது. நான் முயலவில்லை கயலு. மற்றதெல்லாம் வாங்கின விடை, அது ஒன்றுதான் என்னுடையது. அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தத் தொண்ணூற்றேழு மட்டும் நிஜம்.

உன் மாமன்,
கோதண்டபாணி