நான் சேர்த்த கூச்சல்

மேடம்,

இன்று அமாவாசை. காலையில் ஆட்டோவைக் கழுவிப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். பழம் நசுங்கிய வாசனை வந்ததும் நீங்கள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. செங்கல்பட்டு ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி எங்கள் ஊர் வருவதற்குள் உங்களுக்குக் குமட்டும். முதல் நாளே, முன்னால் நான் திருஷ்டிக்குக் கட்டியிருந்த பழத்தைக் காட்டி, "அண்ணா, அதக் குடுங்களேன், மோந்துக்கறேன்" என்றீர்கள்.

"ஊர் கண்ணு மொத்தமும் அதுல கீது மேடம்" என்றேன்.

"இருக்கட்டும். என் மேலயும் நெறைய பேர் கண்ணு இருக்கு" என்று வாங்கிக்கொண்டீர்கள்.

எனக்கு எழுதப் படிக்க வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் அண்ணன் மகள் நோட்டில் எழுதுகிறாள். அவள் பெயரை எந்தத் தாளிலும் போடக் கூடாது, சட்டமே அப்படித்தான் என்று சொன்னது நீங்கள். அதனால் இதிலும் பெயர் இல்லை. என் பேச்சைத் திருத்தித்தான் எழுதுகிறாள். "நீ பேசற மாரியே எழுதுனா மேடம் சிரிப்பாங்க சித்தப்பா" என்கிறாள். நீங்கள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. சிரித்தால் நல்லதுதான்.

உங்களிடம் கடைசியாக ஒரு பொய் சொன்னேன் மேடம். அதைத் திருப்பி எடுக்கத்தான் இந்த மடல். நேராக விஷயத்துக்கு வர எனக்குத் தெரியாது. சுற்றித்தான் வருவேன். நீங்கள் பழகினவர்.

சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிற நீங்கள் எங்களைத் தேடி வந்தது தீர்ப்புக்குப் பிறகு. கடலோர விடுதி ஒன்றில், இதை எழுதுகிற இவள் அறை சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அங்கே மேற்பார்வை பார்த்தவன் இவளைக் கெடுத்தான். கோர்ட் அவனை விட்டுவிட்டது. இந்த மாதிரித் தீர்ப்புகளைத்தான் நீங்கள் பை பையாகச் சுமந்துகொண்டு அலைந்தீர்கள். ஸ்டேஷனில் ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் ஒரு தடவை, கோர்ட்டில் ஒரு தடவை என்று ஒரு பெண் எத்தனை வாய்க்குப் பதில் சொல்லுவாள் என்பீர்கள். விஷயம் தெரிந்த ஒரு பெண் உட்கார்ந்து, ஒரே தடவை, அவள் சொல்கிற சொல்லிலேயே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், பக்கத்தில் இருக்கிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம் மாற எழுதிக்கொண்டிருந்தீர்கள். வாயைத் திறக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் நான் வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவேன். கவனித்திருப்பீர்கள்.

புகார் கொடுக்கப் போன அன்று போலீஸ் ஸ்டேஷனில், "எழுதி எடுத்துனு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். செங்கல்பட்டில் டைப் மிஷின் வைத்து மனு அடிப்பவரிடம் போனோம். அவர் மீசைக்கு மட்டும் மை போடுவார், தலையை வெள்ளையாகவே விட்டுவிடுவார். அதற்கு ஒரு கதை உண்டு, இப்போது வேண்டாம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம், மனு யாருடையதாக இருந்தாலும் வீட்டில் பெரியவர்தான் சொல்ல வேண்டும். அண்ணன் உயிரோடு இல்லை. ஊரில் சாவானாலும் கல்யாணமானாலும் என் வாய்தான் பெரிய வாய். நான் சொன்னேன். இவள் பின்னால் நின்றாள்.

பாதியில் அவர் விரலை நிறுத்தி, "பொண்ணு கத்துச்சா?" என்றார்.

"கத்தாம? தொண்ட கிழிய கத்துச்சிபா" என்றேன்.

அடித்துவிட்டார். படித்துக் காட்டியதும் இவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "கத்துனியாம்மா?"

"இல்ல சார். கொரலே வர்ல."

"அப்ப மனு பொய்யா, இப்ப நீ சொல்றது பொய்யா?"

அதிலேயே வழக்கு விழுந்தது.

இந்த இடத்தில் இவள் பேனாவை வைத்துவிட்டு, "இத எதுக்கு இப்ப? நானும் பின்னாலதான நின்னுகினு இருந்தேன். நீ என் நல்லதுக்குத்தான சொன்ன" என்கிறாள். இரும்மா, இன்னும் இருக்கிறது.

நெம்மேலியில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற ஆலையைத் தாண்டி ஒரு டீக்கடை. அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி, மனுவையும் கோர்ட்டில் இவள் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துக் காட்டினீர்கள். திட்டவில்லை.

"ஏண்ணா சேத்தீங்க?"

"கத்தலன்னு சொன்னா எவன் மேடம் நம்புவான்?"

இரண்டு தாளையும் மடித்துப் பைக்குள் வைத்தீர்கள். பிறகு கேட்டீர்கள். "கத்தலன்னு மொதல்லயே உங்ககிட்ட சொன்னாளாமே. நீங்க நம்புனீங்களா?"

நான் டீ கிளாஸைக் கழுவப் போனேன். கடைக்காரன், "அண்ணாத்த, கிளாஸ் கழுவற வேலயும் எட்த்துகினியா?" என்று கிண்டல் செய்தான். திரும்பி வந்ததும் ஒன்றுதான் சொன்னீர்கள். "அத அவகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல முடியாது."

பிறகு உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. போனில் குரல் தேய்ந்திருந்தது. "சொல்லிட்டீங்களா?" என்றீர்கள்.

"சொல்லிட்டேன் மேடம். அழுவுச்சி, அப்பால சரியாய்டுச்சி."

அந்த அழுகையும் நான் சேர்த்ததுதான் மேடம். சொல்லவே இல்லை.

இப்போது சொல்கிறேன். கத்தலை என்று இவள் என்னிடம் சொன்ன அன்று நான் நம்பவில்லை. இஷ்டம் இல்லாத பெண் கத்தாமல் இருப்பாளா என்று நினைத்தேன். ஊர் நம்ப வேண்டும் என்பதற்காக மட்டும் அந்தக் கூச்சலைச் சேர்க்கவில்லை. நான் நம்புவதற்கும் எனக்கு அது வேண்டியிருந்தது.

இதைச் சொல்லி முடித்ததும் பேனா நின்றுவிட்டது. அப்புறம் குனிந்தபடியே எழுதினாள். எழுதிவிட்டுக் கேட்டாள்.

"எப்ப நம்புன?"

"அன்னிக்கு நெம்மேலில லேசா தூறிகினு இருந்துச்சி, மேடம் டீ வாங்கி..."

"தூறல் வாணாம் சித்தப்பா. எப்ப?"

"மேடம் கேட்டப்ப."

"அது தீர்ப்புக்கு அப்பால."

"ஆமாம்மா."

"கோர்ட்ல கொரல் வர்லன்னு சொன்னேனே, அப்ப கூட இல்ல?"

"இல்ல."

அதையும் எழுதிக்கொண்டாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அழவும் இல்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "மேல சொல்லு" என்று உட்கார்ந்திருக்கிறாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வாய் வரவில்லை.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான்தான் மேடம் இவளை ஏற்றிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் கதை சொல்வேன், இவள் "உம்" கொட்டுவாள். துணைக்குச் சித்தப்பா இருக்கிறார் என்று நினைத்துத்தான் அத்தனை தடவையும் ஏறினாள். அவ்வளவு தூரமும் அந்த வண்டியில் இவள் தனியாகத்தான் போய் வந்திருக்கிறாள். சவாரி இல்லாமல் வெறும் வண்டி ஓட்டி வரும்போதும் பின்சீட்டின் அந்தப் பாரம் எனக்கு இறங்குவதில்லை.