மோகனூர் பஸ்சில் உன் இடம்

உயிரோடு இருந்தபோது நான் ஒரு தடவைகூட இப்படிக் கூப்பிடாத என் அம்மிணிக்கு,

நித்யாவுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. பையன் பெயர் கார்த்தி, எடப்பாடிப் பக்கம், விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். நம் மகள் தானே பார்த்துக்கொண்ட பையன். நீ இருந்திருந்தால் சேதி கேட்டதும் வாய் இனிக்க ஒப்புட்டுக்குப் பருப்பை வேகப் போட்டிருப்பாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நித்யா வேறொருவனோடு இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். அப்புறம் பிரிந்துவிட்டார்களாம். அவளே சொன்னாள், கார்த்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. நான் அவளைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தேன்.

"இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுங்க மாமா. அவ சொன்னா, நானும் என் கதையச் சொன்னேன். சொல்லி முடிச்சதும் ரெண்டு பேருத்துக்கும் நல்ல பசி. போயி புரோட்டா தின்னுட்டு வந்தோம்."

"பொறாமையா இல்லையா?"

"எனக்கெதுக்குங்க மாமா? அவனில்ல பொறாமைப்படோணும்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மகள் மேல் வந்த கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அந்தப் பையன் மேல் வந்த பொறாமை. இவ்வளவு லேசாக இருக்க அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எனக்கு ஏன் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை?

நம் மறுவீட்டு விருந்து முடிந்து உன் ஊர் மோகனூரிலிருந்து பஸ்சில் வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இருபத்தெட்டு வயது வரை ஒரு பெண்ணின் விரலைக்கூடத் தொடாதவன் என்று நான் பெருமை பேசிக்கொண்டு வந்தேன். எம்.ஏ. படித்த வாய். "உனக்கு யாராவது?" என்று கேட்டேன்.

"காலேசுக்குப் போறப்ப இந்த பஸ்சுலதானுங்க ஒருத்தரு கைக்குட்டையப் போட்டு எனக்கு எடம் புடிச்சு வெப்பாங்க. எனக்கும் அவுங்களப் புடிச்சுத்தான் இருந்துச்சு. அவ்வளவுதானுங்க."

அவ்வளவுதான். தபால்காரரையும் நீ 'அவுங்க' என்றுதான் சொல்வாய். தெரிந்தும் அந்த 'அவுங்க' என்னைக் குத்தியது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு நீ இருந்த இருபத்து நான்கு வருடமும், மோகனூர் பஸ்சில் நீ ஒரு சீட், நான் ஒரு சீட். ஏன் என்று நீ கேட்கவே இல்லை. தெரிந்ததாலா?

தெரிந்துதான் இருந்திருக்கிறது. கிளம்பும்போது நித்யா கேட்டாள்: "அம்மாகூட பஸ்சுல உக்கார மாட்டீங்களாமா. அம்மா சொல்லியிருக்குது. எங்க கல்யாணத்துலயாச்சும் வந்து உக்காருவீங்களா, இல்ல, எங்கிட்டயும் மொகத்தத் திருப்பிக்குவீங்களா?" நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுதுகொண்டே போனாள்.

அந்தக் கைக்குட்டைக்காரனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவனுக்குப் பத்திரிகை வைக்க மாட்டேன், அந்த அளவுக்கு எனக்கு மனசு இல்லை. என்னை இப்படிப் பூட்டி வளர்த்தவர்களையும் மன்னிக்கவில்லை. ஆனாலும் இன்று காலை நித்யாவுக்குப் போன் செய்தேன். முன்வரிசையில் உட்காருகிறேன் என்று சொன்னேன்.

முதல் பத்திரிகை உன் அண்ணனுக்குத்தான். வெள்ளிக்கிழமை மோகனூர் போகிறேன். கார் வேண்டாம், பஸ்சில்தான். பக்கத்து ஜன்னல் சீட்டில் கைக்குட்டையைப் போட்டு வைப்பேன். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், யார் வந்து கேட்டாலும் சொல்வேன்: "ஆள் வருதுங்க."

உன் ஊட்டுக்காரன்