வெள்ளிக்கிழமை அர்ச்சனை

அன்புத் தங்கைக்கு,

தொலைக்காட்சியில் உன்னைப் பார்த்தேன். மெலிந்துவிட்டாய். ஸ்டொக்ஹோமில் அமைச்சர்களுக்குச் சாப்பிட நேரம் கொடுப்பதில்லையா? சுவீடிஷ் விளங்காவிட்டாலும் நீ பேசி முடிக்கும்வரை பார்த்தேன்.

நீ வழக்கறிஞரான காலத்திலிருந்து இங்கே சுவிஸில், அட்லிஸ்வில் முருகன் கோயிலில் வெள்ளிதோறும் உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன். நீ அமைச்சரான கிழமை கஜலக்சுமி சர்க்கரைப் பொங்கல் செய்து கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். அவளுடைய தம்பிக்காக வாதாடி, அவனுக்கு சுவீடனில் விசா வாங்கிக் கொடுத்தவள் நீயல்லவா?

இப்போது உன் புதிய சட்டத்தால் அந்தத் தம்பியைத் திருப்பி அனுப்பப் போகிறார்களாம். போனில் கேட்டபோது, "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே அக்கா" என்றாய். சரியாகத்தான் இருக்கும். படித்தவள் நீ.

இந்த வெள்ளியும் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன். பக்கத்தில் கஜலக்சுமி.

"தங்கச்சி சுகமோ?" என்று வழக்கம்போலக் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, "தங்கச்சியின்ரை பேருக்குத்தானே அம்மா?" என்றார். அவர் எவ்வளவு சத்தமாகப் பெயர் சொல்வார் என்று உனக்குத் தெரியும்.

"இல்லை ஐயா. சுவாமி பேருக்கே செய்யுங்கோ."

கஜலக்சுமி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கே குளிர் கூடவாம். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. எப்போதும்போல இந்தக் கடிதத்துக்குள் விபூதி மடித்து வைத்திருக்கிறேன். இது உன் பெயருக்குச் செய்த அர்ச்சனையின் விபூதி அல்ல. இருந்தாலும் பூசிக்கொள்.

உன் அக்கா