கடைசிக் கட்டத்தில் நிற்காதே

பவுலினா,

கிருஷ்ணகிரிக்குப் போகிறேன். களி சட்டியில் இருக்கிறது. பிலோமி, அவள் அம்மா இருந்தபோது செய்தது போலவே, எட்டுக் கட்டமும் நொண்டியடித்துப் பாண்டி ஆடி முடித்த பிறகே போடு. விழுந்தாலும் தூக்காதே.

நேற்று நீ உன் அக்காவின் புடவையைக் கட்டிக்கொண்டு, அவளைப் போலவே கடைசிக் கட்டத்தில் கை நீட்டி நின்றாய். பிலோமி "அம்மா" என்று கத்திக்கொண்டே தாண்டி வந்தாள். "அக்கா போன மூணு மாசத்துல இன்னைக்குத்தான் நொண்டியடிச்சா, மாமா" என்று சிரித்தாய். கிட்டே வந்து உன் முகத்தைப் பார்த்ததும் பிலோமி சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

செத்தவளைக் காட்டிக் குழந்தைக்குக் குதிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

பி.கு.: புடவைகளைப் பெட்டியில் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம் இருக்கிறது.

நேற்று நானும் ஒரு நொடி ஏமாந்தேன். அதற்காக உன்னை மன்னிக்க மாட்டேன்.