ஐம்பதுக்கு நான்கு மாதம் முன்பு

வெள்ளிக்கிழமை, இரவு

அன்புள்ள மகளுக்கு,

இருபத்திரண்டு வருடம் ஒரு வேலையைச் செய்தவளுக்கு அந்த வேலை தெரியும் என்று சொல்லலாமா? மூன்று வாரமாக இந்தக் கேள்வியோடுதான் அலுவலகம் போய் வருகிறேன், பதில் கிடைக்கவில்லை, உனக்குத் தெரிந்தால் எழுது. மற்றபடி நானும் அப்பாவும் சௌக்கியமாகவே இருக்கிறோம், என் முழங்கால் கூடப் பத்து நாளாக வாயைத் திறக்கவில்லை, நீயும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். நீ கேட்ட கம்பளிச் சட்டை இரண்டும், காலுறைகளும், அப்பா உனக்காகச் செய்த பல் பாதுகாப்பு உறையும் பெட்டியில் வைத்தாகிவிட்டது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பதை விட்டபாடில்லை என்று போனில் சொன்னாயே, அதைக் கேட்ட அன்றே பின்னறைப் பட்டறையில் உட்கார்ந்துவிட்டார், உன் பழைய அச்சு இன்னும் அலமாரியில் இருக்கிறதாம். ஊருக்கெல்லாம் பல்செட் செய்கிறவருக்கு மகளின் பல்தான் பெரிய கவலை. பெட்டி ஞாயிறன்று கிளம்பும், அதற்குள் எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு, போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் உடனே வைத்துவிடுவேன்.

விஷயம் இதுதான். கப்பல் போக்குவரத்தும் சரக்கு மேலாண்மையும், நீ முடித்த அதே முதுகலைப் படிப்பு, இங்கே மாலை வகுப்பாக ஆரம்பிக்கிறார்கள், அதற்கு நான் விண்ணப்பம் போட்டிருக்கிறேன், நாளை காலை பத்து மணிக்கு நேர்முகம். சிரித்து முடித்துவிட்டாயா? நீ இந்தப் படிப்புக்குப் போகிறேன் என்று நின்றபோது பெட்டியை ஏற்றி இறக்க மேற்படிப்பு எதற்கு, என் பக்கத்து நாற்காலியில் ஆறு மாதம் உட்கார், நானே கற்றுத் தருகிறேன் என்று சொன்னவள் நான்தான். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று உனக்குத் தெரியாது.

நடந்ததைச் சொல்கிறேன். சரக்குக்குக் கப்பலில் இடம் பதியும்போது எங்கள் அலுவலகத்தில் யாரும் வெற்றுப் படிவத்தில் வேலை ஆரம்பிப்பதில்லை, அதே வாடிக்கையாளரின் கடைசிப் படிவத்தைத் திறந்து, தேதியையும் கப்பலையும் மாற்றி, வேறு பெயரில் சேமித்து அனுப்பிவிடுவோம். எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள், எனக்குப் பிறகு வந்த எட்டுப் பேருக்கு நானும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். வருடம் முழுக்க உறைய வைத்த மீன் அனுப்புகிற ஒருவர் முதல்முறையாகப் பச்சை வாழைக்காய் அனுப்பினார். மைனஸ் பதினெட்டைப் பதிமூன்று டிகிரி ஆக்கினேன், மீனை வாழை ஆக்கினேன், கீழே காற்றுத் துவாரம் என்ற கட்டத்தில் ‘மூடியது’ என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். குளிர்பெட்டியும் அதேபோல மூடிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டது. அந்தக் கப்பலுக்கான பெட்டிகளுக்குத் துறைமுக வாசல் அடைக்க மூன்று மணி நேரம் இருக்கும்போது எங்கள் புது மேலாளர் என் மேஜைக்கு வந்தார். அவரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், உன்னைவிட நான்கு வயது பெரியவர், எப்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் நாங்கள் நிமிஷமுள் என்று பெயர் வைத்திருக்கிறோம். வந்து, யாருக்கும் கேட்காமல், மேடம், வாழைக்கு மூச்சு முட்டிடுமே என்றார். நான் கேலி என்று நினைத்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். பறிச்ச பிறகும் காய்க்கு உயிர் இருக்கு மேடம், அது விடற வாயு வெளியே போகணும், பத்தொன்பது நாள் மூடியே வச்சா திறக்கும்போது காய் இருக்காது, சேறுதான் இருக்கும் என்றார். துறைமுகத்துக்குப் போன் போட்டு, அங்கிருந்த மெக்கானிக்கைப் பிடித்து, துவாரத்தைத் திறக்கவைத்துப் படிவத்தைத் திருத்தி அனுப்பினோம். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது.

அன்று பேருந்தில் திரும்பும்போது ஒன்று நினைவுக்கு வந்து இடி விழுந்த மாதிரி உட்கார்ந்துவிட்டேன். நான் தாவரவியல் படித்தவள்! பறித்த பழமும் சுவாசிக்கும் என்று மூன்று பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவள். பிறகு இருபத்திரண்டு வருடம் பழமும் காயும் பூவும் என் மேஜை வழியாகத்தான் கடல் தாண்டிப் போயின, அந்த மூன்று பக்கத்துக்கும் அந்தக் கட்டத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று ஒரு நாள் கூடத் தோன்றவில்லை. வெட்கம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் அது வேறு ஏதோ ஆகிவிட்டது, இந்த வயதில் இதற்குப் பெயர் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சந்தோஷம் என்றுதான் வைத்துக்கொள்ளேன். வெங்காயத்துக்கு ஏன் துவாரத்தை அவ்வளவு அகலமாகத் திறக்க வேண்டும், பூவுக்கு ஏன் ஈரம், ஒரு பெட்டிக்குள் குளிர்காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நிமிஷமுள்ளைக் குடைந்து எடுத்துவிட்டேன். கடைசியில் அவர், மேடம், உங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருந்தா என் கப்பல் போயிடும், போய்ப் படிச்சிட்டு வாங்க என்று இந்தப் படிப்பின் அறிவிப்பை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

தொழிலில் இருப்பவர்களுக்கு ஆறு இடம், நுழைவுத்தேர்வு கிடையாது, ஆனால் ஐம்பது வயது நிரம்பியிருக்கக் கூடாது. எனக்கு இன்னும் நான்கு மாதம். அதனால் இந்த வருடம் இல்லையென்றால் இல்லவே இல்லை. ஆறு இடத்துக்கு நாற்பத்தொரு பேர் போட்டிருக்கிறார்களாம், பெரும்பாலும் நிமிஷமுள் வயதுக்காரர்கள். உன் பெரியம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், ஏண்டி, பேரனைப் பள்ளிக்கூடத்துல விடற வயசுல நீயே பையைத் தூக்கிக்கிட்டுப் போறியா, பசங்க ஆன்ட்டின்னு கூப்பிடுவாங்களே என்றாள். கூப்பிட்டால் கூப்பிடட்டும். அப்பா இன்று சாப்பிடும்போது, பல்லு போனா சொல்லு போச்சு, உனக்கு முப்பத்திரண்டும் கெட்டியா இருக்கு, போய்ப் பேசிட்டு வா என்றார். இவர் பாராட்டுவது இப்படித்தான். எனக்கோ எந்தக் காரியத்திலும் முதலில் ஓட்டைதான் தெரியும், அந்த ஆறு பேரில் என்னை ஏன் எடுக்க மாட்டார்கள் என்று என்னால் பதினோரு காரணம் சொல்ல முடியும். ஆனாலும் நேற்று புது நோட்டு ஒன்று வாங்கிவிட்டேன். கிடைக்காவிட்டால் வீட்டுக் கணக்கு எழுதிக்கொள்ளலாம் என்று கடைக்காரரிடம் தேவையே இல்லாமல் விளக்கமும் சொன்னேன்.

நீ வேலை முடிந்து நடந்து வரும்போது காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சாலையைக் கடக்காதே. ரொட்டியைத் தின்றுவிட்டுச் சாப்பாடு ஆயிற்று என்று சொல்லாதே. கையெழுத்துப் போடாமல் இப்படியே நிறுத்துகிறேன், நாளைக்கு என்ன ஆகிறதோ அதையும் எழுதிப் பெட்டியை மூடிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை, மாலை

காலை ஒன்பதே காலுக்கே போய்விட்டேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள், பேராசிரியை என்று நினைத்துவிட்டார்கள். நானும் உங்களை மாதிரிதான் என்று உட்காரச் சொன்னேன், ஒருவன் உடனே, அப்போ டோக்கன் எடுங்க ஆன்ட்டி என்றான். உன் பெரியம்மா வாய் முகூர்த்தம்.

உள்ளே மூன்று பேர். பேராசிரியை ஒருவர், ஓய்வு பெற்ற கப்பல் கேப்டன் ஒருவர், உன் வயதில் ஒரு விரிவுரையாளர். கேப்டன் எடுத்த எடுப்பில், கப்பல்ல ஏறியிருக்கீங்களா என்றார். இல்லை, துறைமுகச் சுவருக்கு மேலே புகைபோக்கி தெரியும், அவ்வளவுதான் பார்த்திருக்கிறேன் என்றேன். இருபத்திரண்டு வருஷமா என்றார். ஆமாம் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார், தீர்ந்தது என்று நினைத்தேன். அப்போது பேராசிரியை, ஆப்பிளையும் கீரையையும் ஒரே பெட்டியில ஏத்தலாமா, ரெண்டுக்கும் ஒரே குளிர்தானே என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. காகிதத்தில் பொருந்தும், பெட்டியில் பொருந்தாது என்று ஆரம்பித்து, ஆப்பிள் விடுகிற எத்திலீன் வாயு கீரையை எப்படிப் பழுக்க அடிக்கும், எந்தக் காய்க்கு எந்தக் காய் ஆகாது, இதைக் கேட்க எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் கூட இல்லையே, ஏன் இல்லை என்று பேசிக்கொண்டே போனேன். கல்யாண வீட்டில் கூட ஓரமாய் உட்காருகிறவள் நான்! விரிவுரையாளர் மணியைப் பார்த்துவிட்டு, மேடம், மீதியை வகுப்பில சொல்லுங்க என்றார். கேப்டன் சிரித்தார். அது பேச்சுக்குச் சொன்னதா, முடிவா என்று மூன்று மணி வரை மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து மண்டையைக் குடைந்துகொண்டேன்.

மூன்று மணிக்குப் பலகையில் தாள் ஒட்டினார்கள். ஆறு பெயர். நான்காவது நான்.

ஐந்து மணிக்குள் பட்டச் சான்றிதழின் அசலைக் காட்டிச் சேர வேண்டும் என்று அடியில் போட்டிருந்தது. கிடைக்காது என்ற நினைப்பில் அதை நான் எடுத்துக்கொண்டே போகவில்லை, என் புத்தி உனக்குத்தான் தெரியுமே. அப்பாவுக்குப் போன் செய்தேன், பரணில் எந்தப் பெட்டியில் என்று எனக்கே தெரியவில்லை. நாலே முக்காலுக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், முழங்கை வரை பல் அச்சு வார்க்கிற வெள்ளை மாவு, சான்றிதழின் ஓரத்தில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தது. எழுத்தர் அம்மாள் ஊதிவிட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு படிவத்தில் நான் காலியாக விட்டிருந்த ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். பெற்றோர் அல்லது பாதுகாவலர். எனக்கு ஐம்பது ஆகப் போகிறதம்மா என்றேன். வயசு என்னவா இருந்தாலும் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் எடுக்காதுங்க என்றார். அப்பா உடனே, நான் போடறேன் என்று மாவுக் கையை நீட்டினார். வேண்டாம் என்றேன். உன் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினேன். எழுத்தர் அம்மாள் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவள் இதே படிப்பை முடித்தவள், வீட்டில் அவள்தான் எனக்கு சீனியர் என்றேன். உன் கையெழுத்துக்குப் பத்து நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்.

படிவம் இதனுடன் இருக்கிறது, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து உடனே அனுப்பு, அசலைத் தபாலில் சேர்த்துவிடு, மறந்துவிடாதே. கையெழுத்துக்கு மேலே ‘இவருடைய படிப்புக்கும் நடத்தைக்கும் நான் பொறுப்பு’ என்று அச்சடித்திருக்கிறது, படித்துப் பார்த்துவிட்டே போடு. நீ நினைத்தது நடந்து, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு முதல் வகுப்பு.

உன் பொறுப்பிலுள்ள,
அம்மா