ஒரு வார்த்தை விடாமல்

பிப்ரவரி 4, செவ்வாய்

பள்ளிக்கு அரை நாள் லீவு. தாம்பரத்தில் மனைவி பேபியின் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்த்தோம். வடநாட்டுக்காரர், தமிழ் வராது. கல்லீரலில் புற்று, மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது, மூன்று மாதம் இருந்தால் பெரிது என்று ஆங்கிலத்தில் சொன்னார். பேபி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மாமா சொல்றாரு?"

"வீக்கமாம். மருந்துல கொறஞ்சிடுமாம்."

பத்தொன்பது வருடமாகச் சபை மேடையில் ஆங்கிலப் பிரசங்கத்தைத் தமிழில் சொல்கிறவன் நான். ஒரு வார்த்தை விடமாட்டான் என்று பெயர். கட்டின பொண்டாட்டிக்கு மூன்று வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை.

பிப்ரவரி 5

ரிப்போர்ட்டை எட்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டுக்குள் ஒளித்து வைத்தேன். ஆண்டவரே, இத்தினி பேர் இருக்க ஏன் அவ? நான் கீறேனே, என்ன எடுத்துக்கோ.

பிப்ரவரி 7, வெள்ளி

மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் தொடங்கியது. வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிப் பாஸ்டர் அப்பாதுரையிடம் கெஞ்சினேன். "உன்ன விட்டா யார் கீறாங்க சுகுமாரு?" என்றார். காரணத்தைச் சொன்னால் அரை மணியில் பேபி காதுக்குப் போய்விடும். ஒத்துக்கொண்டேன்.

வந்திருக்கும் அமெரிக்கப் பாஸ்டர் தங்கமான மனிதர். ஆனால் வாசலில் பனி குவிந்து கார் எடுக்க முடியாமல் பட்ட பாட்டைக் கால் மணி நேரம் சொன்னார். அனகாபுத்தூரில் பனிக்கு நான் எங்கே போவேன்? வாசலில் இடுப்பளவு தண்ணீர் என்று மாற்றிவிட்டேன். ஆற்றோரத் தெரு சனம் மொத்தமும் உச்சுக்கொட்டியது. தன் பனிக்கு இவ்வளவு இரக்கமா என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்படி மாற்றிச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. செவ்வாய்க்கிழமை தொற்றிக்கொண்டது போலிருக்கிறது. முன் வரிசையில் பேபி வாயைப் பொத்திச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு மேடையில் நிற்பது—

பிப்ரவரி 8

இரண்டு இட்லி. அதையும் வாந்தி எடுத்தாள். "மருந்து சூடு மாமா, வேல செய்யிது" என்றாள். என் பொய்க்கு அவளே சாட்சி சொல்கிறாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மேடையில் மொழிபெயர்க்கிறவன் பிரசங்கியாரின் வாய். அவர் 'நான்' என்றால் இவனும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று நடுவில் வரக்கூடாது. இன்று அவர் தன் சாட்சியைச் சொன்னார்.

என் மனைவிக்குப் புற்றுநோய் என்றார். சொன்னேன். டாக்டர்கள் கைவிட்டார்கள் என்றார். சொன்னேன். ஆறு மாதம்தான் என்றார்கள் என்றார்.

"மூன்று மாதம்தான் என்றார்கள்" என்றது என் வாய்.

ஜெபித்தேன், அவள் எழுந்து நடந்தாள் என்பது அடுத்த வரி. அது என் வாயில் வரவில்லை. அவர் திரும்பவும் சொல்லிப் பார்த்தார். அப்பாதுரை வந்து மைக்கை வாங்கி முடித்து வைத்தார்.

ஆட்டோவில் பேபி மெதுவாகக் கேட்டாள். "அவரு சிக்ஸுன்னாரு. அவ்ளோ இங்கிலீஷ் எனக்குந் தெரியும். நீ ஏன் மூணுன்ன?"

அழுதுவிட்டேன். ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டினார்.

பிப்ரவரி 10

பேபி மீன் குழம்பு வைத்தாள். உப்பில்லை. சாப்பிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

மறுபடி டாக்டர். உள்ளே போகுமுன் பேபி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "மேடையில சொல்றாப்ல சொல்லு. ஒரு வார்த்த விடாத."

சொன்னேன். அவர் நிறுத்தின இடத்தில் நிறுத்தி, அவர் 'நான்' என்ற இடத்தில் நானும் 'நான்' என்று. நோயைக் குணமாக்க என்னால் முடியாது. வலி தெரியாமல் கடைசிவரை பார்த்துக்கொள்கிறேன்.

பேபி டாக்டர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்தே சொன்னாள்.

"அத்தயாச்சும் ஒழுங்கா செய்யி, மாமா."

அம்மா என்ன சொல்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். எனக்கு ஆங்கிலம் வரவில்லை.