தட்டு காலியான அன்று

அன்பு மகளுக்கு,

நலமா கண்ணு? இங்கே அப்பாவும் நானும் நலம். சளி, காய்ச்சல் எதுவும் இல்லை என்ற அளவில் நலம். உனக்குக் கால் எப்படி இருக்கிறது? குளிர் வந்தால் வலிக்கும் என்றாயே, தொழிற்சாலையில் நெடுநேரம் நின்றுகொண்டே இருக்காதே. ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிக்கொள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "சொல்லும்மா" என்றதும் நான் பேச்சை வெயில் மழை என்று திருப்பிவிடுவேன். காகிதம் குறுக்கே பேசாது.

போன வாரம் நீ அப்பாவிடம் கேட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த மாதம் வருகிறேன், நம் பந்தய வண்டி குருவியைத் தயார் பண்ணி வையுங்கள், மறுபடியும் ஓட்ட வேண்டும் என்றாய். அவர் வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்தார். நீ போனை வைத்துவிட்டாய். காலில் கம்பி வைத்தவள் இனி எங்கே ஓட்டப் போகிறாள் என்று அப்பா உன்னைக் கழித்துவிட்டதாக நினைத்திருப்பாய். அது இல்லை. அவருக்கு நம்பிக்கை போனது உன்மேல் இல்லை, தன் கைமேல். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் அம்மாவைத் தெரியுமே, தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொடுவேன். பொறுத்துக்கொள்.

ஷெட் அப்படியேதான் இருக்கிறது. ஒரு மூலையில் என் தையல் மெஷின், எதிர் மூலையில் அவர் மேஜை. மூன்று மணிக்கு மேல் கூரை ஓட்டை வழியாக வெயில் ஒரு கம்பு போல இறங்கும். சீட்டுக்கு வெட்டிய ஸ்பாஞ்சின் தூள் அதற்குள் மிதந்துகொண்டே இருக்கும், கீழே விழவே விழாது. அதைப் பார்த்தபடி தைத்தால் நான் எங்கேயோ போய்விடுவேன். தையல் நேராக வந்திருக்கும், எந்த வண்டிக்குத் தைத்தேன் என்பது மட்டும் நினைவிருக்காது. "உடம்பு மெஷின்ல, மனசு மேகத்துல" என்று அப்பா கேலி செய்வார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் இருவர் நட்டும் போல்ட்டுமாக அலையும்போது ஒருத்தியாவது மேகத்தில் இருக்க வேண்டாமா?

அந்த இஞ்சின் வந்த நாள் நினைவிருக்கிறதா? நீயும் அப்பாவும் கட்டிய முதல் வண்டிக்குத் தண்ணீர் பம்ப் இஞ்சின், அடுத்ததற்கு ஸ்கூட்டர் இஞ்சின். அதோடு நிற்கும் என்று நினைத்தேன். பழைய இரும்புக்கடை சோடாபுட்டி, நொறுங்கிய பெரிய பைக் ஒன்றிலிருந்து அறுநூறு சிசி இஞ்சினைக் கழற்றி, பழைய பாயில் சுற்றி, தள்ளுவண்டியில் பிள்ளையைக் கிடத்துவதுபோல் வைத்துக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் தன் கடைத் தராசில் அதையும் உன்னையும் நிறுத்துப் பார்த்து, இரண்டும் ஒரே எடை என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர் அவர். முழங்கால் உயரம்கூட இல்லாத நாலு சக்கரச் சட்டத்தில் அதை ஏற்றியபோது நான்தான் சொன்னேன், குருவி தலையில் பனங்காய் என்று. திட்டத்தான் சொன்னேன். நீங்கள் வெட்கமே இல்லாமல் அதையே வண்டிக்குப் பேராக வைத்துவிட்டீர்கள்.

அது முதல்முதலாக உறுமியபோது என் மெஷினில் இருந்த ஊசிகள் டப்பாவுக்குள் ஆடின. மார்புக்குள் யாரோ கம்பளம் உதறுவதுபோல் இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. இதுவரை உங்களிடம் சொன்னதில்லை, சொன்னால் இன்னும் பெரிய இஞ்சினாகத் தேடுவீர்கள்.

அப்பாவின் தட்டு உனக்குத் தெரியும். வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும் எவர்சில்வர் தட்டில்தான் வைப்பார். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொன்றாக எடுப்பார். தட்டு காலியானால் வேலை முடிந்தது. எண்ண மாட்டார், எழுதி வைக்க மாட்டார். முப்பது வருடம் ஊர் பம்புகளையெல்லாம் அந்தத் தட்டை நம்பித்தான் பூட்டினார், ஒன்றுகூடத் தவறியதில்லை. தட்டில் யாரும் கை வைக்கக்கூடாது என்று அவர் சொன்னதே இல்லை, யார் வைக்கப் போகிறார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர் பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். நீ ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். நான் உன் சீட்டுக்குக் கடைசி ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். மனசு வழக்கம்போல மேகத்தில். முடி முகத்தில் விழுந்தது. கை எண்ணெயாக இருக்கவே, அதைக் கழுவ எழுந்து மேஜைப் பக்கமாகப் போனேன்.

பிரேக் கம்பியைப் பெடலோடு சேர்க்கும் ஆணி வெளியே வராமல் பிடிக்க ஒரு சின்ன லாக் பின் உண்டல்லவா, வளைந்த கம்பி. கொண்டை ஊசிக்கும் அதற்கும் நான் பார்த்த வரையில் வித்தியாசம் இல்லை. நான் பார்க்கவும் இல்லை. கை தானாகத் தட்டிலிருந்து அதை எடுத்தது, முடியைச் சுருட்டியது, செருகியது. போய்க் கை கழுவினேன்.

தட்டு காலியானது. வேலை முடிந்தது என்று அப்பா எழுந்தார்.

அப்புறம் அந்தப் பழைய விமான ஓடுபாதை. விரிசல்களில் புல், காற்றில் பஞ்சு விதைகள். நீ தரையோடு தரையாகப் படுத்தமாதிரி உட்கார்ந்திருந்தாய். முதல் சுற்றில் சத்தம் முன்னால் வந்தது, நீ பின்னால் வந்தாய். இரண்டாவது சுற்றில் வெயிலில் தரை தண்ணீராக மினுங்க, நீ அதன்மேல் மிதந்து போனாய். என் வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே அழகான காட்சி அதுதான். இப்போதும் கண்ணை மூடினால் அந்த இரண்டாவது சுற்றுதான் வருகிறது, மூன்றாவது வருவதில்லை. அந்தப் பெரிய இஞ்சினின் அதிர்வில் ஆணி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விழுந்து பிரேக் விட்டுப்போக அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நீ உள்ளே இருந்தபோது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முடியை அவிழ்த்தேன். கையில் அது வந்தது. அதே நேரம் எதிரே அப்பா டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பின்னு போட மறந்துட்டேன் சார். என் கைதான். எங்கயோ தவற விட்டிருக்கேன்." நான் கையை மூடிக்கொண்டேன்.

முதல் நாள் பயத்தில் சொல்லவில்லை. இரண்டாம் நாள், முதல் நாள் சொல்லாததால் சொல்லவில்லை. அப்படியே நாலு வருடம் போய்விட்டது. நீ பிழைத்தாய், நடந்தாய், வேலைக்குப் போனாய். எல்லாம் சரியாகிவிட்டது, இனி எதற்குக் கிளற வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் எல்லாம் சரியாகவில்லை. உன் அப்பா ஒரு பம்பைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறார், சட்டையைக் கழற்றுகிறார், மறுபடி மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். ஒரே நட்டை மூன்று தடவை முடுக்குகிறார். "இதக் கொஞ்சம் பாருடா" என்று சோடாபுட்டியை அழைத்துப் போகிறார், அவருக்கோ பத்தடிக்கு மேல் கண் தெரியாது. அவர் பார்த்துத் தலையாட்டினால்தான் இவருக்குத் தூக்கம். தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். ஊருக்கே பூட்டியவர் கண்ணு, இப்போது வீட்டுத் தாழ்ப்பாளைக்கூட இழுத்துப் பார்க்கிறார். இதை நான் தினமும் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். என்ன பெண் நான்?

இன்று காலை ஷெட்டில் இருந்தபோது, அப்பா பழைய போர்வையை விலக்கி குருவியின் இஞ்சின்மேல் கை வைத்தபடி நின்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "பாப்பாவோட இப்ப இடுப்பளவு என்ன இருக்கும்?" என்று கேட்டார். எதற்கு என்றேன். "சும்மாதான்" என்றார். சீட் அளவுக்குத்தான் கேட்கிறார் என்று தெரியாதவளா நான்? ஆசை முட்டிக்கொண்டு நிற்கிறது, கைதான் பயப்படுகிறது. தான் செய்யாத தவறுக்கு.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். முதலில் போய் இதைத் தபால் பெட்டியில் போடுவேன். அப்புறம்தான் அவரிடம் சொல்வேன். சொல்லிவிட்டுப் போடலாம் என்றால் நான் சொல்லவே மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். கடிதம் கையை விட்டுப் போய்விட்டால் திரும்ப வழி இல்லை. நீ இதைப் படிக்கும்போது அவருக்குத் தெரிந்திருக்கும். என்ன சொல்வார் என்று தெரியவில்லை. கத்தமாட்டார், கத்தினால் நன்றாக இருக்கும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. நீ தாங்கித் தாங்கி நடக்கும் ஒவ்வொரு அடியும் என் கணக்குதான். கோபப்படு, எவ்வளவு நாள் வேண்டுமானாலும். அதற்கு நான் தடை சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படித்ததும் அப்பாவைக் கூப்பிடு. என்னைப் பற்றி அவரிடம் நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். உன் இடுப்பளவைச் சொல், பிரேக்கை அவரே பூட்ட வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல். உன் வாயிலிருந்து வந்தால்தான் அவர் கை நம்பும். பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொல்ல வேண்டாம், நான் தூரத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா என்று நீ இன்னும் கூப்பிட்டால்,
உன் அம்மா